மொத்தம் எவ்வளவு ஆச்சு?

அண்ணன் மகனைப் பார்க்க வீட்டுக்கு வருகிறவர்கள் "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டுவிட்டு அடுத்ததாகக் கேட்பது இதைத்தான்: "மொத்தம் எவ்ளோ ஆச்சு?" கேட்பதில் தப்பே இல்லை. எங்க பக்கத்தில் அக்கறை இப்படித்தான் வாயில் வரும். கேட்டவர்களில் பலர் கிளம்பும்போது அண்ணி கையில் ஐநூறோ ஆயிரமோ வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அண்ணி அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். பெரும்பகுதி முதலமைச்சர் காப்பீட்டில் போய்விட்டது. அதைச் சொன்னால், அப்படியென்றால் தொழுவத்தில் இருந்த மாடு எங்கே, நகை ஏன் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது, அண்ணன் ஏன் பெங்களூரு வேலையை விட்டார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் நீளம். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் பையனுக்கு அத்தை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் என்பதால் வீட்டு வரவு செலவு நோட்டு என் கைக்கு வந்தது. எழுதச் சொல்லி அண்ணிதான் சொன்னார். பெயர் மட்டும் யாருடையதும் வேண்டாம் என்றார்.

இண்டூர் தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் இருக்கிறது. ஒகேனக்கல் போகிற வண்டிகள் எங்க ஊரைத் தாண்டித்தான் போகும். மானாவாரி நிலம் அதிகம். ராகி, துவரை; கிணற்றில் தண்ணீர் இருந்தால் தக்காளி, சாமந்தி. மழை ஏமாற்றினால் ஆம்பளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் கிளம்பிவிடுவார்கள். அண்ணனுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அண்ணி இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றினார், நூறு நாள் வேலைக்கும் போனார். மகள் நாலாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. மகளிர் குழுக் கடனைத் தவிர வேறு வட்டிக்கு வாங்காமல் ஓடிக்கொண்டிருந்த குடும்பம்.

பையனுக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. ராத்திரியில் கால் வலிக்கிறது என்று அழுதான். எங்க மாவட்டத்தில் கால் வலி என்றால் யாரும் பதற மாட்டார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள ஊர்கள் இவை. பல்லில் கறையும் மூட்டில் வலியும் எங்களுக்குப் பழகியவை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், வலி என்றால் "தண்ணிக் கோளாறு" என்று சொல்கிற வழக்கம் போகவில்லை. பையனின் ஆயா எண்ணெய் தேய்த்துவிட்டார். முகம் வெளுத்தபோது பூச்சி மருந்து கொடுத்தோம். அடிபடாமலே தொடையில் நீலம் நீலமாகக் கன்றியபோது டெங்குவாக இருக்குமோ என்று தருமபுரிக்குக் கூட்டிப் போனோம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, நாற்காலியை இழுத்து அண்ணி பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இது டெங்கு இல்லம்மா. இன்னைக்கு ராத்திரியே சென்னைக்குக் கிளம்புங்க. குணப்படுத்தற நோய்தான். ஆனா தள்ளிப்போடக் கூடாது."

அந்த "குணப்படுத்தற நோய்தான்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி அன்றைக்கு வண்டி ஏறினார். பிள்ளைக்கு விடாத காய்ச்சல், காரணமில்லாத வெளுப்பு, அடிபடாமல் வரும் கன்றல், எலும்பு வலி, கழுத்தில் நெறி கட்டுவது என்று ஏதாவது சேர்ந்து வந்தால் ரத்தத்தில் அணுக்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனையை உடனே செய்துவிடுங்கள். சின்னச் செலவு. அரசு மருத்துவமனையில் அந்தச் செலவும் இல்லை.

சென்னையில் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துச் சொன்ன பெயர் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லூக்கிமியா. அங்கே எல்லோரும் ஏ.எல்.எல். என்பார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் வருவது இதுதான். ஊருக்கு விஷயம் தெரிந்தவுடன், நல்லது நினைக்கிறவர்களே சிலர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்குப்பா வீணா அலையற? இருக்கிறதையும் வித்துட்டு நிக்கப் போற. பொம்பளப் புள்ள வேற இருக்கு" என்று சொன்னார்கள். ரத்தப் புற்றுநோய் என்றால் சாவு என்பது அவர்கள் சினிமாவில் பார்த்தது, அக்கம் பக்கத்தில் பார்த்தது. 1940-களில் சொல்லியிருந்தால் அது முழுக்க உண்மை. அப்போது இந்த நோய் வந்த குழந்தைகள் சில மாதங்களுக்கு மேல் தாங்க மாட்டார்கள். இப்போது நல்ல சிகிச்சை முழுதாகக் கிடைக்கிற நாடுகளில் ஏ.எல்.எல். வந்த பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு மேல் பிழைத்து வளர்கிறார்கள்.

இந்த மாற்றத்தில் நம் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் முடித்தவர். உடன்பிறந்தவர்களை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். 1922-ல் அமெரிக்கா போனார். அங்கே லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை உருவாக்கியது. பிறகு ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. அதில் ஒன்றான அமினோப்டெரினைத்தான் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்குத் தற்காலிகமாகவாவது நோய் தணிந்தது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான் எங்க பையனுக்கு முதுகில் ஊசியாகவும் போட்டார்கள், வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரையாகவும் கொடுக்கிறார்கள்.

இன்னொரு ஊசி வின்கிரிஸ்டின். அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது என்று நர்ஸ் சொல்லி, செல்போனில் படமும் காட்டினார். ஆயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சுடுகாட்டு ஓரமெல்லாம் பூத்துக் கெடக்குமே, அதுவா?" என்றார். அதுதான். சுடுகாட்டு மல்லி என்று நம்ம பக்கம் சாமிக்குக்கூட வைக்காத பூ. கிலோ கிலோவாகக் காய்ந்த இலையை வடித்தால் துளியூண்டு மருந்து கிடைக்கும். அமெரிக்காவில் 1963-ல் அனுமதி கிடைத்ததிலிருந்து உலகம் முழுக்க இந்த நோய்க்கு அதைப் போடுகிறார்கள். ஆயா இப்போது வீட்டு வாசலில் அதை நட்டு வைத்திருக்கிறார். பறித்து அரைத்துக் கொடுக்கலாமா என்று ஒருமுறை கேட்டார். கூடவே கூடாது, அது விஷச் செடி என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இதை இங்கே எழுதக் காரணம், செடியைப் பற்றிக் கேள்விப்பட்டு வேறு யாரும் அரைத்துக் கொடுத்துவிடக் கூடாது.

இனி பணம்.

2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தது இந்தக் காப்பீடு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து கொடுப்பார்கள். நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். எங்க வீட்டில் அட்டை ஏற்கெனவே இருந்தது. மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக அண்ணி முன்பு எடுத்தது. அது இருந்ததால்தான் மருந்து ஒரு நாளும் காசுக்காக நிற்கவில்லை. இந்தத் திட்டத்தை யார் எப்போது கொண்டுவந்தார்கள் என்று ஊரில் சண்டை போடுகிறவர்கள் போடட்டும். எங்களுக்கு எல்லோர் மீதும் நன்றி உண்டு.

ஆனால் அட்டை ஆஸ்பத்திரிக் கட்டில்வரைதான் வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கூலி அதில் கிடையாது.

இண்டூரிலிருந்து தருமபுரிக்கு டவுன் பஸ்ஸில் அண்ணிக்கு டிக்கெட் இல்லை, 2021-லிருந்து பெண்களுக்கு இலவசம். தருமபுரியில் ரயில் நிலையம் இருந்தாலும் அது சேலம்–பெங்களூரு பாதை. சென்னை ரயில் பிடிக்க மொரப்பூர் போக வேண்டும். தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் ரயில் பாதை போடும் பேச்சு எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நடக்கிறது. அந்தப் பாதை எங்களுக்கு எவ்வளவு தேவை என்பது, ஊசி போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையோடு மொரப்பூரில் விடிகாலையில் இறங்கி பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணனுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் பிள்ளைக்குத் தொற்று வரக் கூடாது என்று பாதி நாள் ஆட்டோ, கார் வைக்க வேண்டியதாயிற்று. ரயிலில் சலுகை இருக்கிறது: புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர்தான் எங்களுக்கு இதைச் சொன்னார். முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சம்.

அப்புறம் தங்கும் இடம். முதல் மாதம் முழுக்க மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னார்கள். காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டுமாம். சென்னையில் ஒற்றை அறைக்கு அட்வான்ஸும் வாடகையும் எங்க ஊர் வீட்டு வாடகையைவிடப் பல மடங்கு. வெளியில் சாப்பாடு வாங்கிக் கொடுக்க முடியாது என்பதால் ஒரு ஸ்டவ், பாத்திரம், கொதிக்க வைத்த தண்ணீர். ஸ்டீராய்டு கொடுத்த நாட்களில் பையனுக்கு நடுராத்திரியிலும் பசி எடுக்கும். இட்லி கேட்பான், இரண்டு மணிக்கு உப்புமா கேட்பான், கொடுக்காவிட்டால் அழுது வீட்டைக் கூட்டுவான். இப்படி வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களுக்கென்றே இலவசமாகத் தங்க இடம் கொடுக்கும் அமைப்புகள் உண்டு. செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ் 2006-ல் மும்பையில் தொடங்கியது, சென்னையிலும் இருக்கிறது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் மூலமாகத்தான் அங்கே இடம் கிடைக்கும். சேர்ந்த அன்றைக்கே "சோஷியல் ஒர்க்கர் யாருங்க?" என்று கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது கூலி. அண்ணன் பெங்களூரில் வேலை பார்த்த நாளுக்குத்தான் சம்பளம். ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க, சீட்டை எடுத்துக்கொண்டு கவுன்ட்டர் கவுன்ட்டராக நிற்க, பையனைத் தூக்கிக்கொண்டு நடக்க இரண்டு பேர் வேண்டும். மேஸ்திரி சில வாரம் பொறுத்தார், பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அண்ணி சென்னையில் என்றால் மாட்டை யார் பார்ப்பது? ஆயாவுக்கு முழங்கால் மடங்காது. முதலில் ஒரு மாடு போனது, கொஞ்ச நாளில் இன்னொன்று. அவசரத்தில் விற்றதால் பாதி விலைதான். மாடு போனதோடு தினசரி பால் காசும் போனது. மகளிர் குழுக் கடனுக்கு அந்தக் காசில்தான் தவணை கட்டிக்கொண்டிருந்தார். தவணை கட்ட நகை அடகுக்குப் போனது. நோட்டைப் புரட்டினால் எந்தப் பக்கத்திலும் "மருத்துவம்" என்று பெரிய தொகை இல்லை. பஸ், ஆட்டோ, வாடகை, கேஸ், பால், டயப்பர், மாஸ்க், போன் ரீசார்ஜ், வட்டி. இதெல்லாம் சேர்ந்துதான் மாட்டைக் கொண்டுபோனது.

ரத்தம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிளேட்லெட் அடிக்கடி வேண்டியிருந்தது. தருமபுரி, பென்னாகரம் பக்கத்திலிருந்து போய்ச் சென்னையில் வேலை பார்க்கும் பையன்கள், முகம் தெரியாதவர்கள், வாட்ஸ்அப்பில் செய்தி பார்த்து ஷிப்ட் முடிந்த கையோடு வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் கிளம்பும்போது அண்ணன் டீ வாங்கித் தரவா என்று கேட்டதற்கு, "அண்ணா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டாராம்.

மகளைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. அம்மாவும் அப்பாவும் தம்பியோடு சென்னையில். இவள் ஆயாவோடு. எப்போது போன் செய்தாலும் பேச்சு தம்பியைப் பற்றியே. தீபாவளிக்கு அவளுக்குத் துணி எடுக்க மறந்துபோனது எல்லோருக்கும். அவள் கேட்கவும் இல்லை. அரசுப் பள்ளியில் காலை உணவும் மதியச் சாப்பாடும் கிடைத்ததால் பசி தெரியாமல் இருந்தாள். அந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி மறு வருடம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. எங்க வீட்டில் அந்த வருடம் காலையில் அடுப்பு பற்ற வைக்க ஆள் இல்லாத நாட்கள் நிறைய. ஒரு நாள் அவள் டீச்சரிடம், "எனக்கும் காய்ச்சல் வந்தா அம்மா வருமா மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் அதை என்னிடம் சொன்ன அன்றே அண்ணியைச் சென்னையிலிருந்து வரவழைத்து, அந்த வாரம் நான் அங்கே போய் இருந்தேன். நோய் ஒரு பிள்ளைக்கு வந்தாலும் இரண்டு பிள்ளையையும் யாராவது கணக்கில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் கட்டங்கள் முடிந்து பையன் ஊருக்கு வந்த பிறகு எங்களுக்குப் பயம் கூடியது. சென்னையில் என்றால் டாக்டர் பக்கத்தில். இங்கே 100.4 டிகிரி தாண்டினால் என்ன செய்வது? ஒரு ராத்திரி தாண்டியது. அண்ணி சென்னை வார்டுக்குப் போன் போட்டார். அங்கிருந்த டாக்டர், "இங்க வர நேரம் ஆக்காதீங்க, முதல்ல தருமபுரியில ஆன்டிபயாட்டிக் ஏத்துங்க" என்றார். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் டாக்டர், அண்ணி நீட்டிய போனிலேயே சென்னை டாக்டரோடு பேசி, உடனே ஊசி போட்டார். அந்த ஒரு போன்தான் பையனைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். 2008-லிருந்து தருமபுரியில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லா ஊசிக்கும் முந்நூறு கிலோமீட்டர் போவதற்குப் பதிலாக, சென்னை டாக்டர் திட்டம் போட, சின்ன ஊசிகளும் ரத்தப் பரிசோதனையும் காய்ச்சல் சிகிச்சையும் மாவட்டத் தலைநகரிலேயே நடந்தால் எங்களைப் போன்ற குடும்பங்களின் செலவில் பாதி நின்றுவிடும்.

ஊரில் இன்னொரு பயம் அம்மை. சின்னம்மை இந்தப் பிள்ளைகளுக்கு உயிருக்கே ஆபத்து. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி வெளியில் சொல்லாமல் அமைதியாக இருப்பது நம்ம வழக்கம். அண்ணி தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், "அம்மா வந்தா தயவுசெஞ்சு எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. சாமி குத்தம்னு நெனக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டில் சொன்னார்கள். பையன் அந்த வீட்டுப் பிள்ளையோடு முந்தின நாள் விளையாடியிருந்தான். உடனே போன் செய்து, டாக்டர் சொன்ன மருந்தை ஆரம்பித்ததால் தப்பித்தான். அந்த வீட்டம்மாவுக்கு எங்க குடும்பம் பட்டிருக்கும் கடன் எந்த நோட்டிலும் எழுத முடியாதது.

இப்போது நடப்பது மெயின்டனன்ஸ் என்கிற கட்டம். தினமும் ராத்திரி மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், மாதம் ஒருமுறை சென்னை. எல்லாம் சேர்ந்து இரண்டரை, மூன்று வருடம். இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பையனுக்கு முடி வளர்ந்துவிட்டது. ஓடுகிறான், சைக்கிள் விடுகிறான். பார்த்தால் நோய் இருந்த பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் காசும் இல்லை. அப்போதுதான் குடும்பங்கள் நிறுத்திவிடுகின்றன. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண் குழந்தை அப்படித்தான் வராமல் நின்றது. மறுபடி வந்தபோது நோய் திரும்பியிருந்தது. டாக்டர்கள் சிகிச்சை இருந்தும் குழந்தைகளை இழக்கிற காரணங்களில் இந்தப் பாதியில் நிறுத்துவதும் ஒன்று. ஒவ்வொரு ஆண்டும் உலகத்தில் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள், பல ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே. 2030-க்குள் குறைந்தது 60 சதவீதம் பேரைப் பிழைக்க வைப்பது என்று 2018-ல் அந்த நிறுவனம் இலக்கு வைத்தது. மருந்து பெரும்பாலும் அதே மருந்துதான். கடைசிவரை போய்வர முடிகிறதா என்பதிலும் அந்த வித்தியாசம் இருக்கிறது.

எங்க வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. தக்காளி விலை அடிமட்டத்துக்குப் போன மாதம். அண்ணன் மெதுவாக, "இந்த மாசம் விட்டுட்டு அடுத்த மாசம் சேர்த்துப் போலாமா? புள்ள நல்லாத்தான இருக்கான்" என்றார். அண்ணி பதில் பேசவில்லை. மாத்திரைப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "என்னங்க, நல்லா இருக்கிறது இதுனாலதாங்க" என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, "நீ என்ன பாப்பா சொல்ற?" என்று கேட்டார். நான் பஸ் காசை எடுத்துக் கொடுத்தேன். போனார்கள்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். சுப்பாராவ் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்கு முன்பே படித்தவர். முப்பது வருடம் விடாமல் கேட்டு, நிதி திரட்டி, 1954-ல் 12 படுக்கையோடு அந்த மருத்துவமனையைத் திறந்தார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1960-லேயே குழந்தைகளுக்கென்று தனி வார்டு வைத்தார்கள். இந்தியாவில் முதலில் வைத்தவர்கள் அவர்கள்தான். காசு இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதில் டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை உறுதியாக இருந்தார். தமிழ்நாட்டில் சிகிச்சைக்குக் காசு கேட்காத வழி அப்படி எப்போதோ தொடங்கிவிட்டது. போய்வருகிற செலவுக்கு வழி இன்னும் பிறக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வழி இல்லாமல் இல்லை. காசநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். மருந்தை இலவசமாகக் கொடுத்தால் மட்டும் போதாது, ஆள் முடிக்கும்வரை வந்துபோகக் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அதே போலப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் அம்மா கணக்கில், சிகிச்சை முடியும்வரை மாதாமாதம் ஒரு தொகை போடலாம். காசநோயோடு ஒப்பிட்டால் இந்தக் குழந்தைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. எங்க சட்டமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் இதை மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் வீட்டுக்கு வாருங்கள்.

ஊருக்கும் ஒரு வேண்டுகோள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்து வைத்து ஒரே நாளில் பெரிய தொகை திரட்டுவார்கள். எங்களுக்கு அப்படிச் செய்யலாமே என்று சிலர் ஆசையாகச் சொன்னார்கள். முதல் மாதத்தில் எல்லோரும் கொடுத்தார்கள். அண்ணன் அந்தப் பணத்தில் சென்னை அட்வான்ஸ் கட்டினார், தீர்ந்தது. இரண்டாம் வருடம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, தப்பும் இல்லை, அவரவர் வீட்டில் அவரவர் பாடு. ஆனால் தேவை இரண்டாம் வருடத்தில்தான் அதிகம். எங்க தெருவில் இப்போது ஒரு ஏற்பாடு நடக்கிறது. பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து மாதம் 100 ரூபாய் போடுகிறார்கள். ஒரு மாதப் பயணச் செலவு வந்துவிடுகிறது. ஆட்டோ வைத்திருக்கும் தம்பி மொரப்பூர் ஓட்டத்துக்கு டீசல் காசு மட்டும் வாங்கிக்கொள்கிறார். அண்ணியோடு போக ஒருத்தர், மகளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் என்று முறை போட்டுக்கொண்டோம். இது யாருக்கும் பாரமாக இல்லை. அதனால் நிற்காமல் நடக்கிறது.

இந்த வழக்கத்தை எங்க வீட்டோடு முடித்துக்கொள்ள வேண்டாம் என்று அண்ணி சொல்கிறார். பென்னாகரம் பக்கத்தில் இன்னொரு குழந்தைக்கு இதே நோய் என்று போன மாதம் தெரிந்தது. அண்ணியும் நானும் போய்ப் பார்த்தோம். அந்த அம்மா கேட்டதெல்லாம் அண்ணி முதல் வாரத்தில் கேட்ட அதே கேள்விகள். அண்ணி தன் பையிலிருந்து ரயில் சலுகைப் படிவத்தின் நகல், காப்பீட்டு மையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்களின் பட்டியல், ஒரு புதுத் தெர்மாமீட்டர் மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். "ரத்தம் கொடுக்கிற பசங்க நம்பர் நான் அனுப்பறேன். வீட்டுல மாடு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னதும், "அவசரப்பட்டு விக்காதீங்க. பாத்துக்க ஆள் கேட்டுப் பாப்போம்" என்றார். இப்போது பக்கத்து ஊரில் ஒருவர் பால் பாதிக்குப் பாதி என்ற பேச்சில் அந்த மாட்டை ஓட்டிப்போய் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் இப்போது தருமபுரியிலேயே சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். கூலி பெங்களூரைவிடக் குறைவு, ஆனால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். நகையில் ஒரு பகுதியை மீட்டாகிவிட்டது. மறுபடி ஒரு மாடு வாங்குவதைப் பற்றி நானும் அண்ணனும் பேசினோம். மருந்து முடியும்வரை வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். மாடு வந்தால் சென்னை போகிற நாளில் வீட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டியிருக்கும், அந்த ஆள் இப்போது மகளோடு இருக்கட்டும் என்கிறார்.